அரை நாள் சம்பளத்தை யார் கொடுப்பது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில், வேலையில் அடிபட்ட தொழிலாளிக்குப் பணம் தரும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தை அறியாத ஆள் கிடையாது. எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை தோளில் விழுந்தவர், பால்மரக் காட்டில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கியவர், தொழிற்சாலை இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவர் என்று, தாமான் என்னும் ஒவ்வொரு குடியிருப்பிலும் இரண்டு மூன்று பேராவது அந்தப் பணத்தைத் தொட்டிருப்பார்கள். விரலுக்கு எவ்வளவு, முழங்காலுக்கு எவ்வளவு என்று காப்பிக் கடையில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டுச் சொல்லும் பெரியவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அவர்கள் சொல்லும் தொகைக்கும் அலுவலகத்திலிருந்து வரும் தொகைக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

அதே பெரியவர்களிடம், "வேலையிடத்தில் கண்ணெதிரே நடந்ததைப் பார்த்து மனம் உடைந்துபோனவனுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் முனீஸ்வரன் கோயில் பக்கம் கையைக் காட்டுவார். இன்னொருவர் தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் காட்டுவார். சொக்சோ பக்கம் யாரும் காட்டமாட்டார்கள்.

தஞ்சோங் ரம்புத்தான், எங்கள் ஊரிலிருந்து ஈப்போ செல்லும் ரயில் பாதையில் இருக்கிறது. 1911இல் வெள்ளைக்காரர்கள் அங்கே திறந்த மனநல மருத்துவமனைதான் இன்றைய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. பெயர் மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் ஊர் வாயில் அந்த இடத்தின் பெயரே வசவாக நிற்கிறது. சிறுவயதில் அடம்பிடித்தால், "தஞ்சோங் ரம்புத்தானில் கொண்டுபோய் விட்டுவிடுவேன்" என்று மிரட்டாத தாய் எங்கள் லயத்தில் இல்லை. அதைக் கேட்டு வளர்ந்தவன், ஐம்பது வயதில் தூக்கம் கெட்டுத் தவிக்கும்போது, தானாகப் போய் அங்கே பெயர் பதிவானா?

நான் ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புப் புத்தகமும் சம்பளப் பட்டியலும் எழுதிய கையால்தான் விபத்துப் பாரங்களையும் நிரப்பினேன். ஓய்வுக்குப் பிறகும் அந்த வேலை என்னை விடவில்லை. சாயங்காலம் யாராவது பிளாஸ்டிக் உறையில் தாள்களோடு வாசலில் நிற்பார்கள். அப்படி வரும் தாள்களில், உடம்பில் காயமே இல்லாத தாள்கள் சில ஆண்டுகளாக அதிகமாகிவிட்டன. ஊரில் நோய் கூடிவிட்டதா, பேசுவதற்குத் துணிச்சல் கூடிவிட்டதா என்பது வேறு கேள்வி. நாடு முழுவதற்குமான தேசியச் சுகாதார ஆய்வில், வயது வந்தவர்களில் மனச்சோர்வு உள்ளவர்களின் விகிதம் 2019இல் 2.3 விழுக்காடாக இருந்தது, 2023இல் 4.6 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ பத்து லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் விடிந்தால் வேலைக்குப் போகவேண்டியவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969ஆம் ஆண்டினது. சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு ஏறக்குறைய அரை விழுக்காடு, முதலாளியின் பங்கு ஒன்றே முக்கால் விழுக்காடு. வேலையில் விபத்து நடந்தால் முதலாளி 48 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவேண்டும். விபத்தினால் டாக்டர் தரும் விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக உதவித்தொகையாகக் கிடைக்கும். நிரந்தரமாக ஊனம் தங்கிவிட்டால் அதற்குத் தனிக் கணக்கு. விபத்தோடு தொடர்பில்லாத நோயால் ஒருவர் உழைக்க முடியாமல் போனால், 60 வயதுக்கு முன்பாக இருந்து, சந்தாவும் போதுமான மாதங்கள் கட்டியிருந்தால், இயலாமைப் பென்ஷன் உண்டு. அது சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை.

இவற்றோடு 2007இல் சேர்ந்ததுதான் மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டம். பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடாமல், ஆளைப் பழைய வேலைக்கோ வேறு வேலைக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் நோக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரு கேஸ் மேனேஜர். உடற்பயிற்சி சிகிச்சை, தொழிற்பயிற்சி, தேவையான கருவிகள் என்று செலவைச் சொக்சோ ஏற்கும். மலாக்காவில் பெம்பானில் பெரிய மறுவாழ்வு மையம் இருக்கிறது. இப்போது எங்களுக்குப் பக்கத்தில், ஈப்போ மேரு ராயாவிலும் ஒன்று வந்துவிட்டது. நல்ல திட்டம். காலில் இரும்புத் தகடு வைத்த ஒருவர் இந்தத் திட்டத்தால் மீண்டும் லாரி ஓட்டுவதை நானே பார்க்கிறேன். குறை சொல்லப் போவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவது நியாயம்.

குறை எங்கே என்றால், மனம் காயப்பட்டவன் இந்தப் பணத்தை எட்டுவதற்கு ஏறவேண்டிய படிகளில்.

எங்கள் தாமானில் சில வீடுகள் தள்ளி இருப்பவர் ஒருவர். என்னைவிடச் சற்றே மூத்தவர், நான் அண்ணன் என்றுதான் அழைப்பேன். செம்பனை ஆலையில் பழம் அவிக்கும் பகுதியில் வேலை. குலைகளை ஏற்றிய இரும்புக் கூண்டு வண்டிகளை நீளமான உருளைக் கலனுக்குள் தள்ளி, கதவை இறுக்கி, உள்ளே நீராவியை மூன்று பார் அழுத்தத்தில் செலுத்தி ஒன்றரை மணி நேரம்போல அவிப்பார்கள். அவிந்து முடிந்ததும் ஆவியைத் திறந்துவிடும்போது ஒரு பேரோசை எழும். ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அது கடிகாரம் மாதிரி. ஒருநாள் அழுத்தம் முழுவதும் இறங்குவதற்கு முன்பே கதவு திறந்துகொண்டது. முன்னால் நின்றவர் அண்ணனோடு பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே ஷிப்டில் இருந்தவர். மருத்துவமனையில் வைத்துப் பார்த்தும் பிழைக்கவில்லை. அண்ணனுக்கு முழங்கைக்குக் கீழே தோல் வெந்தது, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதும்போதே எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் தாள்களும் அப்படித்தான் எழுதின. கை ஆறியது. கைக்கு வந்த உதவித்தொகையும் நின்றது. தழும்புக்கு ஒரு சிறு விழுக்காடு போட்டு ஒரு தொகையும் தந்தார்கள். டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று எழுதினார். அண்ணன் போனார். முதல் ஆவி வெளியேறும் ஓசை கேட்டதும் ஆலைக்குப் பின்புறம் ஓடிப்போய் வெற்றுக் குலைகள் குவித்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆள் அனுப்பித் தேடியபோது, கை இரண்டையும் காதில் வைத்தபடி இருந்தாராம். அதன்பிறகு தூக்கம் இல்லை. சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்து சேர்ந்தது. சம்சு வந்த பின்னால், "குடிகாரன், அதனால்தான் வேலைக்கு வருவதில்லை" என்று ஊருக்குக் காரணமும் கிடைத்துவிட்டது.

அண்ணி அவரை முதலில் கோயிலுக்குத்தான் அழைத்துப் போனார். முனி அடித்திருக்கிறது என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னப்பா நடந்தது, முதலிலிருந்து சொல்" என்று அண்ணனை உட்காரவைத்துக் கேட்ட முதல் மனிதர் அந்தப் பூசாரிதான். ஆலையிலோ கிளினிக்கிலோ யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. விபத்துப் பாரத்தில் என்ன நடந்தது என்று எழுத இடமிருக்கிறது. அதைப் பார்த்தவனுக்கு என்ன ஆயிற்று என்று எழுத இடமில்லை.

கடைசியில் அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவர் போனதே பெரிய கதை. அங்கே செலவு அதிகமில்லை. நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி (ரிங்கிட்), மருந்தும் அதற்குள் அடக்கம். ஆனால் காரில் போய்வர அதைப்போல் பத்து மடங்கு, ஒரு நாள் சம்பளமும் போகும். இதைவிடப் பெரிய இடைஞ்சல் ஒரு சின்ன ரப்பர் முத்திரை. டாக்டர் தந்த விடுப்புச் சீட்டில் மனநலப் பிரிவின் முத்திரை இருந்தது. அதை ஆலை அலுவலகத்தில் கொடுத்தால் மத்தியானத்துக்குள் பெரட்டு முழுவதும் செய்தி பரவிவிடும். அண்ணன் அந்தச் சீட்டைக் கொடுக்கவேயில்லை. சம்பளமில்லாத விடுப்பு என்று எழுதிக் கொடுத்தார். சட்டம் தந்த விடுப்பும் அதற்குரிய கூலியும் கையில் இருக்க, அவற்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தார் என்று சொன்னால் மிகையில்லை. இந்தச் சீட்டுகள் என் வீட்டு மேசைமேல் ஒரு கட்டாக வந்து விழுந்தபோதுதான் எனக்கே விஷயம் முழுவதும் தெரிந்தது. முத்திரையில் மருத்துவமனையின் பெயர் மட்டும் போதாதா? இதற்கு நிதி ஒதுக்கீடும் வேண்டாம், சட்டத் திருத்தமும் வேண்டாம்.

மனு எழுதினோம். விபத்தோடு சேர்த்தே மனநோயையும் பார்க்கவேண்டும் என்று டாக்டரின் கடிதத்தை இணைத்தோம். வேலை விபத்து என்று சட்டம் சொல்லும்போது, அந்த விபத்தினால் உண்டான காயத்தைத்தான் சொல்கிறது. அண்ணனுக்குக் கையில் ஒரு தழும்பு இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அதுவே விபத்தில் அவரும் இருந்தார் என்பதற்குச் சாட்சி. இரண்டடி பின்னால் நின்று, தோல் வேகாமல், அதே காட்சியை மட்டும் பார்த்திருந்தால் வாதாடுவது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். உலகத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில், அதிர்ச்சிக்குப் பின்வரும் மன அழுத்த நோயை வெளிப்படையாகவே சேர்த்தது. ஜெனீவாவில் சேர்த்தது சுங்கை சிப்புட்டுக்கு வந்து சேர நாளாகும்.

கேஸ் மேனேஜர் கிடைத்தார். இளம் பெண், மலாய்க்காரர், பொறுமைசாலி. ஆலை அலுவலகத்தில் ஒரு கூட்டம் வைத்தார். அண்ணன், உதவிப் பொறியாளர், அலுவலகக் கிராணி ஒருவர், துணைக்கு நான். அண்ணன் முதலில் வாயே திறக்கவில்லை. அந்தப் பெண் ஆலையின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி மேசையில் விரித்து, பென்சிலை அவர் கையில் கொடுத்து, "எந்த இடம் வரைக்கும் உங்களால் நடந்துபோக முடியும், கோடு போடுங்கள்" என்றார். அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாசலிலிருந்து லாரி எடை போடும் மேடை வரை ஒரு கோடு இழுத்தார். அதற்குமேல் பென்சில் நகரவில்லை. சரி, அங்கேயே தொடங்கலாம் என்றார் அந்தப் பெண்.

எடை மேடையில் உட்கார்ந்து, வரும் குலை லாரிகளின் எண்ணையும் எடையையும் பதிய வேண்டும். ஓசை அங்கும் கேட்கும், ஆனால் மட்டாக. ஆவியைத் திறப்பதற்கு முன்பு வாக்கி டாக்கியில் ஒருவர் அண்ணனிடம் சொல்லிவிடவேண்டும் என்று பொறியாளர் தாமாகவே ஏற்பாடு செய்தார். முன்கூட்டித் தெரிந்தால் அந்த ஓசை ஓசையாக மட்டும் இருந்தது என்று அண்ணன் பின்னர் சொன்னார். முதலில் காலை நான்கு மணி நேரம் மட்டும். பிறகு பார்த்துக் கூட்டலாம். எல்லோரும் தலையாட்டினோம். காப்பி வந்தது.

அப்போதுதான் அந்தக் கிராணி கேட்டார்: "அரை நாள்தான் வேலை என்றால் அரை நாள் சம்பளம்தானே எழுதவேண்டும்?"

அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். இப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியை வைத்தே கணக்குப் பாருங்கள். டாக்டர் சீட்டோடு வீட்டில் இருப்பவருக்கு, 80 விழுக்காடு என்றால் மாதம் 1,300 வெள்ளிக்குக் குறையாது. அவரே அரை நாள் வேலைக்குத் திரும்பினால் 850. வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் நாளுக்குத் தற்காலிக உதவித்தொகை கிடையாது என்பது விதி. பாதி உழைத்தால் பாதி உதவித்தொகை என்று அது பிரிந்து வராது. ஆக, எழுந்து, குளித்து, பயத்தை விழுங்கிக்கொண்டு ஆலை வாசல் வரை வந்தவனுக்கு 850. பாயில் படுத்திருந்தவனுக்கு 1,300. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டும் ஒருவர் வேலைக்கு வருகிறார் என்றால் அவரைச் சோம்பேறி என்று சொல்லும் நாக்குக்கு வெட்கம் வேண்டும்.

கால் முறிந்தவனுக்கு இந்த இடைவெளி பெரிதாகத் தெரிவதில்லை. மாவுக்கட்டைப் பிரிக்கும் நாள் தெரியும். அன்றுவரை வீடு, பிறகு வேலை. மனக்காயம் அப்படி ஆறுவதில்லை. வேலையில் கொஞ்சம் நின்று பார்த்து, பின்வாங்கி, மறுபடி நின்று பார்த்துத்தான் ஆறுகிறது. வேலையே பாதி மருந்து. வீட்டில் இருக்க இருக்க ஆள் சுருங்கிப்போகிறான். சம்பளத்தோடு மரியாதையும் போகிறது. அப்படியிருக்க, முழு வேலைக்கும் முழு விடுப்புக்கும் நடுவே இருக்கும் மாதங்களுக்குத்தான் அதிகப் பணம் வேண்டும். நம் திட்டங்களில் காலியாக இருப்பது சரியாக அந்த இடம்தான்.

மேரு ராயா மையத்தில் நடை பழக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன என்று பெருமையோடு சொல்கிறார்கள். பெருமைப்படலாம். எனக்கு வேண்டியது அதைவிட மலிவான ஒன்று: நாலைந்து மாதங்களுக்கு அரை நாள் சம்பளத்தின் மறுபாதி. கூடவே மருத்துவமனைக்குப் போய்வரக் கார் கூலி. அவ்வளவு சின்னத் தொகைக்குத் திறப்பு விழா நடத்த முடியாது, அதனால்தானோ என்னவோ யாரும் அதைக் கேட்பதில்லை.

அண்ணன் விஷயத்தில் அந்தப் பொறியாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். மத்தியானத்துக்குமேல் அலுவலகத்தின் பின்னறையில் பழைய எடைச் சீட்டுகளை அடுக்கி நூல் கட்டும் வேலை என்று பட்டியலில் எழுதி, முழு நாள் சம்பளம் போட்டார். அண்ணன் பாதி நேரம் அங்கே மேசையில் தலை வைத்துத் தூங்கினார், யாரும் எழுப்பவில்லை. நல்ல மனிதர். ஆனால் ஒரு நல்ல மனிதர் கண்ணை மூடிக்கொண்டதால் நடந்த காரியம் இது. பக்கத்து ஆலையில் அவரைப் போல் ஒருவர் இல்லையென்றால் அங்கிருப்பவனுக்கு என்ன வழி? தோட்ட வேலைகளில் பல இப்போது குத்தகைக்காரர்கள் கையில் இருக்கின்றன. குத்தகைக்காரருக்கு எடை மேடை ஏது, பின்னறை ஏது?

முதலாளிகளுக்கு ஊக்கத்தொகையே இல்லை என்று சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளியாகப் பதிந்தவரை வேலைக்கு வைத்தால், அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தை வருமான வரிக் கணக்கில் இரட்டிப்பாகக் கழித்துக்கொள்ளலாம். விபத்தாலோ கடும் நோயாலோ பாதிக்கப்பட்டு, சொக்சோ மருத்துவக் குழு சான்று தந்தவர்களுக்கும் அந்தச் சலுகை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. வரி கட்டும் அளவுக்கு லாபம் காட்டும் கம்பெனிக்குத்தான் அது உதவும். நாலு பேரை வைத்துப் புல் வெட்டும் குத்தகைக்காரருக்கு இரட்டிப்பாகக் கழிக்க எதுவுமில்லை. தொழிலாளிக்கும் இதில் ஒரு முள் இருக்கிறது. மனநோய்ப் பிரிவில் ஓ.கே.யு. என்ற மாற்றுத்திறனாளி அட்டை எடுக்கவேண்டும் என்றால் நீண்டகாலம் சிகிச்சையில் இருந்திருக்கவேண்டும். அண்ணனைப் போல, ஆறு மாதத்தில் தலையெடுக்கக்கூடிய ஆளுக்கு அந்த அட்டை பொருந்தாது. பொருந்தினாலும் அவர் எடுக்கமாட்டார்.

வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வேலையால் மனம் காயப்பட்டதாக ஒருவர் மனுச் செய்தால், அந்த மனு ஏற்கப்படுமா இல்லையா என்று முடிவாகும்வரை காத்திருக்க வைப்பதில்லை. 2021 ஜூலை முதல், 13 வாரங்கள் வரை சிகிச்சைச் செலவை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். மனு பின்னால் தள்ளுபடியானாலும் அந்த உதவி உண்டு. இந்த ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. மனக்காயத்தில் முதல் வாரங்கள்தான் மலிவான வாரங்கள். அப்போது ஒரு வெள்ளி செலவு செய்யாதவன் பின்னால் பத்து வெள்ளி கொடுப்பான். அதே விக்டோரியாவில் 2024 மார்ச்சில் விதிகளை இறுக்கி, வழக்கமான வேலைச்சுமையால் வரும் மன உளைச்சலும் களைப்பும் இழப்பீட்டுக்குத் தகுதியாகாது என்று ஆக்கிவிட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். செலவு தாங்கவில்லை. பணக்கார நாட்டுக்கே தாங்காதது நமக்குத் தாங்குமா என்று கேட்பார்கள். முழுவதையும் அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அந்த 13 வாரத்தை மட்டும் கடன் வாங்கலாம் என்கிறேன்.

அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயரில் 1990களில் டாக்டர் ராபர்ட் டிரேக், டெபொரா பெக்கர் என்ற இருவர், கடும் மனநோய் உள்ளவர்களை முதலில் பயிற்சி கொடுத்துத் தயார்படுத்தி அப்புறம் வேலை தேடுவது என்ற வழக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். முதலில் சம்பளமுள்ள உண்மையான வேலை. பிறகு அந்த வேலையிலேயே ஒருவர் கூட நின்று பழக்குவது. பல நாடுகளில் சோதித்துப் பார்த்தும் இந்த முறையில்தான் அதிகம் பேர் வேலையில் சேர்ந்திருக்கிறார்கள். நம் சுகாதார அமைச்சின் மெந்தாரி சமூக மனநல மையங்களும் வேலையில் சேர்த்துத் துணைநிற்கும் இந்த வழியைக் கையாளுகின்றன. அண்ணன் கதையில் அந்தக் கேஸ் மேனேஜர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். கூட நிற்கும் ஆளுக்கு நாம் சம்பளம் கொடுக்கிறோம். வேலையில் நிற்பவனின் மறுபாதிச் சம்பளத்தைத்தான் மறந்துவிட்டோம்.

இயலாமைப் பென்ஷனைப் பற்றியும் எழுதியாகவேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் மனநோய்க்காரர்கள் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் அது. சட்டத்தின் சொற்படி, இயலாதவர் என்றால் நோய் நிரந்தரமானதாக இருக்கவேண்டும், குணமாகாதது அல்லது குணமாகும் வாய்ப்பில்லாதது என்று இருக்கவேண்டும், தம் உடல் வலிமைக்கு ஏற்ற வேலையில் நல்ல நிலையில் உள்ள ஒருவர் ஈட்டுவதில் மூன்றில் ஒரு பங்குகூட ஈட்ட முடியாதவராக இருக்கவேண்டும். உடல் வலிமை! 1969இல் தோட்டக்காட்டையும் ஈயச் சுரங்கத்தையும் மனத்தில் வைத்து எழுதியவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆனால் இன்று ஒரு குலை வெட்டுகிறவர், மாட்டைத் தூக்கும் தோள்களோடு, மருத்துவக் குழுவின் முன் உட்கார்ந்து, தம்மால் காட்டுக்குள் நுழைய முடியவில்லை என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு அவர் தம்மை எவ்வளவு உடைந்தவராகக் காட்டுகிறாரோ அவ்வளவு நல்லது.

அப்படிக் காட்டிப் பென்ஷன் வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். கையெழுத்து அழகாக இருக்கும்; கோயில் கணக்கை எழுதித் தாருங்கள், மாதம் ஏதாவது தருகிறோம் என்று நிர்வாகத்தினர் கேட்டார்கள். மறுத்துவிட்டார். கணக்கு எழுத முடிகிறதென்றால் குணமாகிவிட்டது என்று சொல்லிப் பென்ஷனை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். இயலாமை நீங்கினால் பென்ஷன் நிற்கும் என்பது விதிதான். பயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. நாள் முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து, குணமாகாமல் இருப்பதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருக்கிறார். வேலையை முயன்று பார்க்க ஓராண்டு அவகாசம் கொடுத்து, முடியாவிட்டால் மறு விண்ணப்பம் இல்லாமலே பழைய பென்ஷன் என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கே அந்தக் கோயில் கணக்கு ஒழுங்காகிவிடும்.

பெண்களைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், இங்கே ஒன்று மட்டும். தொழிற்சாலையில் இரவுக் காவல் பார்த்த ஒரு தங்கச்சியைக் கொள்ளைக்காரர்கள் கட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள். உடம்பில் கீறல் இல்லை என்று விபத்துப் பாரமே எழுதவில்லை. அவளும் கேட்கவில்லை, "கீறல் இல்லை" என்றால் "வேறு ஏதும் நடக்கவில்லை" என்று ஊர் நம்பும், அந்த நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு விருப்பமில்லை. வேலையை விட்டுவிட்டாள். எந்தத் திட்டத்தின் கணக்கிலும் அவள் வரமாட்டாள்.

இதைப் படிப்பவர்களில் யாராவது இப்போது இந்த நிலையில் இருந்தால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வேலையிடத்தில் நடந்ததை, காயம் இருக்கிறதோ இல்லையோ, அன்றே எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லும்போது எதைப் பார்த்தபிறகு அது தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். டாக்டரின் குறிப்பில் அந்த வரி இருந்தால்தான் பின்னால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். விடுப்புச் சீட்டை மடித்து வைக்காதீர்கள். மருத்துவக் குழுவின் முடிவு பாதகமாக வந்தால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பலர் முதல் கடிதத்தோடு சுருண்டுவிடுகிறார்கள். 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டப்படி, வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் பதில் தரவேண்டும், மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். மறுக்கத்தான் போகிறார் என்று தெரிந்தாலும் கேளுங்கள். காரணத்தைத் தாளில் எழுத நேரும்போது சிலர் மனம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். இரவில் தாங்க முடியாவிட்டால் 15555 என்ற எண்ணில் சுகாதார அமைச்சின் மனநல உதவி இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டப் பிரிவும் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் வருமோ என்று பயந்து மறைக்கத் தேவையில்லை.

அண்ணன் இப்போது எடை மேடையில் முழு நாள் வேலை பார்க்கிறார். அவிக்கும் பகுதிக்குத் திரும்பவில்லை. திரும்பச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. பழைய வேலைக்கு இருந்த ஷிப்ட் படி இல்லாததால் சம்பளம் குறைவு. அந்தக் குறைவை அண்ணி காலையில் இடியாப்பம் விற்று ஈடுகட்டுகிறார். வேலைக்குத் திரும்பும் திட்டத்தின் செலவில் ஒரு பகுதியை அண்ணியின் இடியாப்பச் சட்டி ஏற்றிருக்கிறது என்று சொன்னால் சொக்சோ கோபித்துக்கொள்ளாது என்று நம்புகிறேன்.

அரை நாள் சம்பளத்தின் மறுபாதியை ஒரு குறிப்பிட்ட காலத்துக்குச் சொக்சோ ஏற்கவேண்டும், விடுப்புச் சீட்டில் பிரிவின் பெயர் வேண்டாம், பென்ஷன்காரர்களுக்கு முயன்று பார்க்க ஓராண்டு வேண்டும் என்று மூன்று கோரிக்கைகளை இரண்டு பக்க மனுவாக எழுதி, தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டு, "எல்லாம் சரி கிராணியாரே, இரண்டாம் பக்கத்தில் கோபம் கொஞ்சம் அதிகம், குறைத்துத் தாருங்கள்" என்றார். முதல் பக்கத்தில் எழுத்துப் பிழை ஒன்று இருந்தது. அதைத் திருத்திக் கொடுத்தேன்.